ஆறரை முதல் எட்டரை வரை

நாஞ்சிக்கோட்டை ரோட்டில், பேக்கரிக்கு மேலே,
நீட் கோச்சிங் ஹால்.
ஞாயிறு ஆறரை முதல் எட்டரை வரை எங்களுடையது.
எட்டு நாற்பதுக்கு அவர்களுக்கு டெஸ்ட்.

இருபது நாற்காலி போடுகிறேன்.
பத்து போதுமே என்றால்
அவிசுவாசம் என்பாள் மெர்லின்.
வந்தவர்கள் ஏழு பேர்:
இரவு டூட்டி முடித்து வந்த நர்ஸ் பொன்மணி
(உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள்),
பார்சல் பையைக் கழற்றாத இன்பராஜ்,
பேக்கரி திறக்கும்வரை காத்திருக்க ஏறி வந்து
நான்கு வாரமாக வந்துகொண்டிருக்கும் ஒருவர்.

ஜன்னலுக்கு வெளியே, போன வருஷ நாற்றங்காலில்
மஞ்சள் மனைக்கற்கள்.
புது ஆறு காய்ந்து கிடக்கிறது.
ஞானஸ்நானத்துக்கு மூன்று பேர்
மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று
பேப்பர் பார்க்கிறார்கள், விவசாயிகளைப் போல.

போன வாரம் நான் எழுதிய வசனத்தை
பிசிக்ஸ் சார் அவசரமாகத் துடைத்திருக்கிறார்.
போர்டின் ஓரத்தில் ஒரு சொல் மட்டும் மிச்சம்:
பாரம்.
அதன் கீழே யாரோ ஒரு பிள்ளை,
பச்சை மார்க்கரில்,
எத்தனை நியூட்டன்?

மூன்று நாள் தயாரித்த பிரசங்கத்தை
மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன்.
தெரியவில்லை என்றுதான் தொடங்கினேன்.

பொன்மணி விழித்துக்கொண்டாள்.