மேலே கீரைக்கட்டு

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
லாரிகள் மூச்சு வாங்கும் இடத்தில்
பஞ்சர் கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்,
சாயங்காலம் ஆறு மணிக்கு.
தார் ரோடு அப்போதும் கொதிக்கும்.
வேலூர் வெயிலுக்குப் பொழுது சாய்வது தெரியாது.

மடியில் மஞ்சள் பை.
மேலே சிறுகீரை இரண்டு கட்டு,
கீழே நிரோத் நூற்று நாற்பத்து நான்கு.
ரோந்து ஜீப்பில் வருகிறவர்
கை விடும்போது முதலில் கீரை தட்டுப்படட்டும்.
பையில் இருந்தால் கேஸு,
இல்லாவிட்டால் சீக்கு.
இந்த இரண்டுக்கும் நடுவில்தான்
பத்து வருஷமாய் எங்கள் நடமாட்டம்.

ஷம்ஷாத்துக்கு இருபது, எலிசாவுக்குப் பதினைந்து.
குணவதி எண்ண மாட்டாள், அள்ளிக்கொண்டு போவாள்.
மறுநாள் கேட்டால்,
"தீந்துபூட்ச்சிக்கா, ஊர்ல கல்யாண சீசன்" என்பாள்.

ஆபீஸில் கொடுத்த மரக்கட்டை மாடல்
குணவதி பையன் கையில் பம்பரக் கட்டையாகிப் போனது.
சந்தையில் வாங்கிய முள்ளுக் கத்திரிக்காய் ஒன்றை எடுத்து
அதற்கு மாட்டிக் காட்டினேன்.
காம்பு முள் பட்டுப் பர்ரென்று கிழிந்தது.
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
சிரிப்பு அடங்கியதும் சொன்னேன்:
"உன் நகத்துக்கும் இதே கதிதான்டி. பல்லால பிரிக்காத."
அன்று ராத்திரி ஐந்து பேர் நகம் வெட்டினார்கள்.

கூட ஐந்நூறு தருகிறேன், வேண்டாமே என்பவனுக்கு
என்ன சொல்வது என்று கேட்பார்கள்.
கெஞ்சுவதற்கு ஒரு பேச்சு,
கொஞ்சுவதற்கு ஒன்று,
இறங்கி நடந்துவிட ஒன்று.
எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பை ஆணியில் தொங்கும்.

ஏகாம்பரம் வருவான்.
பாகாயத்தில் வெல்டிங் கடை, கண்ணில் எப்போதும் சிவப்பு.
அரைக் கிலோ ஆட்டுக்கறி, இலையில் சுற்றிய கனகாம்பரம்.
பூங்காவனம் என்று கூப்பிடுவான்.
ரோட்டில் என்னை யாரும்
அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை.
அந்தப் பெயரைச் சொன்னவனிடம்
பையை எடு என்று எப்படிச் சொல்வது?
சொல்லவில்லை.
மூன்று வருஷம் சொல்லவில்லை.

அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரியில்
லீதியாள் சிஸ்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஜன்னலைச் சாத்தினார்.
"நீயாம்மா?" என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.
"சரியாயிடும். ஆனா அவரையும் கூட்டிட்டு வரணும்.
உனக்கு மட்டும் போட்டா
ஓட்டைக் குடத்துல தண்ணி."

இரண்டு இடுப்பிலும் ஊசி.
பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.
அறுபது பேருக்குச் சொன்ன வாய்
பள்ளிகொண்டா வரை திறக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு கறி வெந்துகொண்டிருந்தது.
ஆணியில் இருந்து பையை எடுத்தேன்.
கீரை வாடி, கறுத்து, நாற்றம் அடித்தது.
அதை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்து ஒன்றை எடுத்துப்
பாயில் வைத்தேன்.
ஊசி போட்டதையும் சொன்னேன்.

"என் மேலயே நம்பிக்கை இல்லியா?" என்றான்.

"நம்பிக்கை அடுக்கம்பாறைல கீதுய்யா.
போர்டுலயே எழுதிப் போட்டுகிறான், நம்பிக்கை மையம்னு.
வர்ற செவ்வாக்கிழமை வா, காட்டுறேன்."

கறியைச் சாப்பிடாமல் போனான்.
குழம்பு இரண்டு நாள் கிடந்தது.
சுட வைத்து நானே தின்றேன்.

இன்று செவ்வாய்.
தொரப்பாடி ஜெயில் ஸ்டாப்பில் கூட்டம் ஏறுகிறது.
பக்கத்து சீட்டில் பை.
கூடைக்காரி ஒருத்தி கேட்கிறாள்,
"ஆளு வராங்களா?"

"பாகாயத்துல ஏறுவாங்க" என்கிறேன்.
சொன்ன பிறகு
கைக்குட்டையை எடுத்து
அந்த சீட்டைத் துடைக்கிறேன்.