பதினோரு பஞ்சவர்ணம்

அவள் பெயர் பஞ்சவர்ணம்.
என் கேமராவில் கறுப்பு வெள்ளை.
"அப்ப மூணு நட்டம்" என்றாள்,
கண்ணாடி மேல் வைத்த பித்தளை அச்சுக்குள்
கரண்டியால் சிவப்பை ஊற்றிக்கொண்டே.

ஆத்தங்குடி, பகல் மூன்றரை.
கொட்டகைத் தகரத்து ஓட்டை வழியாக
இடது கன்னத்துக்கு மட்டும் வெயில்.
மீட்டர் முள் கன்னத்துக்கு ஒன்று சொல்கிறது,
கழுத்துக்கு ஒன்று.
கழுத்தை நம்பினேன்.

ஒன்று. இரண்டு.
ஒரு சொடுக்குக்குப் பதினெட்டு ரூபாய்.
ஆகவே காத்திருந்தேன்,
சிரித்து முடித்து வாய் மூடப்போகும்
அந்த இடத்துக்காக.

"எங்க, காட்டுங்க."
கேமராவின் முதுகைத் திருப்பினேன்:
வெறும் கறுப்புக் கதவு.
காயும் கல்லைக் கைகாட்டினாள்.
"இதுவும் குப்புறத்தான் கெடக்கு.
தண்ணியில ஊறி எந்திரிச்சாத்தான் மூஞ்சி."

பதினொன்றாவதில்தான் பார்த்தேன்.
லீவரை இழுக்கிறேன்,
இடப்பக்கக் குமிழ் சுழலவில்லை.
பிலிம் பல்லில் மாட்டவே இல்லை.
பதினோரு பஞ்சவர்ணமும்
எங்கேயும் இல்லை.

சொன்னேன். சொல்லாமல் போயிருக்கலாம்.
அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
வெயில் கன்னத்தை விட்டு
கல் அடுக்குக்குப் போயிருந்தது.
"வெரசா எடுங்க, அஞ்சே காலுக்கு பஸ்ஸு."
எனக்காக வைத்திருந்த முகம் போய்
எரிச்சலும் சிமெண்டுமாய் இன்னொன்று.

குமிழ் சுழன்றது.
முப்பதில் ஒரு நொடி.
கை ஆடியிருக்கலாம்.

இன்னும் கழுவவில்லை.
காரைக்குடி லாட்ஜில் இரவு
ரோலைக் காதோரம் வைத்துத் தட்டுகிறேன்,
விரிசல் உண்டா என்று
அவள் கல்லைத் தட்டுவாளே,
அப்படி.