பதினொன்றாம் இலக்க வில்லா

சுவிஸ் மச்சாள் காசு கட்டிவிட்டாள்.
இரண்டு இரவு, பாசிக்குடா,
காலைச் சாப்பாடும் சேர்த்து.
"அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்க மச்சாள்,
ரெண்டு நாளைக்கு ஒருத்தருக்கும் ஊசி போடாம இருங்க."

இருபத்தாறு வருடம் பஸ்ஸில் போன பாதைதான்.
வாழைச்சேனை ஆஸ்பத்திரியடியில் இறங்காமல்
தாண்டிப் போனது
களவாய் லீவு எடுத்ததுபோல் இருந்தது.

மதிலுக்குள் மதில்.
அதற்குள் எங்களுக்கென்றே ஒரு நீச்சல் குளம்,
ஐந்தடி என்று ஓட்டில் எழுதியிருந்தது.
வெளியே கடல்,
எவ்வளவு தூரம் நடந்தாலும்
இடுப்பைத் தாண்டாது.
"கடலவிட ஆழமாக் கட்டியிருக்கான் பார்"
என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் இவர்.
மறுகா சாரத்தை மடித்துக் கட்டி இறங்கி
கழுத்தளவு நீரில் நின்று
மீட்டர் வாசிக்கப் போன வீடுகளின்
நாய்களைப் பற்றிக் கதைத்தார்.

கட்டிலில் துவாயால் மடித்த இரண்டு அன்னம்.
கலைக்க மனமில்லை.
கொண்டுபோன பழந்துவாயால் துடைத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் பத்து மணிக்குக் கதவு தட்டினாள்.
"ஹவுஸ்கீப்பிங், மேடம்."
நிமிர்ந்து பார்த்து
"மிஸி!" என்றாள்.

பங்குனி மாதம், பதினேழாம் கட்டில்,
கால் முதலில் வந்த பிள்ளை.
பேர் மறந்துபோயிற்று.
வலியிலும் சிரித்த அந்தப் பல்லிடுக்கு மறக்கவில்லை.
நெஞ்சில் குத்திய தகடு சொன்னது: நிரோஜினி.
தகட்டுக்குக் கீழே
சாம்பல் நிறச் சட்டையில்
ஈரம் வட்டமாய் விரிந்துகொண்டிருந்தது.

"எங்க பீச்சுற?"
"ஸ்டோர் ரூம்ல. வாளிக்குள்ளதான் மிஸி,
பிறகு ஊத்திருவன்."

கதவுப் பிடியில் கிடந்த அட்டையை
வெளிப்பக்கம் மாட்டினேன்:
தொந்தரவு செய்ய வேண்டாம்.
இவரைக் கடலுக்குக் கலைத்தேன்.

கண்ணாடிச் சுவர்க் குளியலறையில்
கடலைப் பார்த்த நாற்காலியில் அவள்.
வைன் கிளாசைக்
கேத்தில் சுடுநீரில் இரண்டு தரம் அலசிக் கொடுத்துவிட்டு
கிறுகி நின்று கட்டிலை விரித்தேன்.
மூலை மடிப்பு, வார்டு மடிப்பு.
கை வேறொன்றும் அறியாது.

வெகுநேரம் சத்தமில்லை.
"மிஸி, இந்த ரூமை எத்தன தரம் கழுவியிருக்கன்.
இருந்து பார்த்ததில்ல.
கடல் இவ்வளவு கிட்டவா இரிக்கு?"

விரல் நீளச் சாராயப் போத்தல்களை ஒதுக்கி
மினிபாருக்குள் பாலை வைத்தோம்.
பன்னிரண்டு மணிக்குப் பின் கேற்றடியில்
அவள் தம்பி சைக்கிளோடு நின்றான்.
காய்ச்சிய போத்தலில் ஊற்றி
ஐஸ் கட்டி சுற்றி
ஒரு அன்னத்தைப் பிரித்துப் பொதிந்து கொடுத்தேன்.
வெயிலில் அவன் மிதித்துப் போனதை
அவள் பார்க்கவில்லை,
பன்னிரண்டாம் இலக்கத்துக்கு ஓடிவிட்டாள்.

கணக்கு முடிக்கையில் கவுண்டர் பெடியன்
மினிபாரில் ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டான்.
இல்லை என்றேன்.
பெரிய துவாய் ஒன்று குறைகிறது என்றான்,
நாலாயிரத்து ஐந்நூறு.
கட்டினேன்.

பஸ்ஸில் இவர் காதோரம் குனிந்து கேட்டார்,
"அன்னத்தையா களவெடுத்தாய்?"
ஓம் என்றேன்.
ஆஸ்பத்திரியடி வந்தது.
பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.