கைபடாத கரை

கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது:
கைபடாத கடற்கரை.

விலான்குலோவில் நான் இறங்கியது வற்று நேரம்.
கடல் ஒரு மைல் தள்ளிப் போயிருந்தது.
அது விட்டுப்போன சேற்றில்
கப்புலானாத் துணியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு
நாற்பது பெண்களாவது குனிந்திருந்தார்கள்.
விரல் நுழைத்து, துழாவி,
மட்டியைப் பிடுங்கி வாளியில் எறியும் சத்தம்.
டக்.
கொஞ்சம் கழித்து, வேறெங்கோ, டக்.
கைபடாத ஒரு சாண் இடம்
அந்தக் கரையில் என் கண்ணில் படவில்லை.

விடுதிக்காரி ஜெர்மீனா
வளையத்தில் தொங்கிய இரும்பை நீட்டி
"ஷாவி" என்றாள்.
"சாவி" என்றேன்.
முறைத்துப் பார்த்தாள்.
கம்பிகளுக்கு அப்பால் வெயிலைக் காட்டி "ஜனெலா."
"ஜன்னல்."
மரத்தைத் தட்டி "மேஸா."
"மேசை."
தோளில் கிடந்ததை உருவி என்மேல் எறிந்தாள்: "துவால்யா!"
அதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
அவள் பேசிய மொழியில்
வணக்கம் சொல்லக்கூட எனக்குத் தெரியாது.
ஆனால் ஒரு அறையைப் பூட்ட, திறக்க,
குளித்துத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடத் தெரிந்திருந்தது.
ஒரே கொடிக் கப்பல்கள்தான்
அவள் துறையிலும் எங்கள் துறையிலும்
இவற்றை இறக்கிவிட்டுப் போயின.
கேட்டு இறக்கவில்லை.
நாங்களும் திருப்பித் தரவில்லை.

அல்சீந்தோவின் பாய்மரப் படகில்
ஆவுளியா பார்க்கப் போய் ஆறு மணி நேரம் காய்ந்தேன்.
மூன்று முறை "அதோ, முதுகு" என்றான்.
மூன்று முறையும் நான் கேமராவின் மூடியோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
கடைசியில் படம் பிடித்தது பாயைத்தான்.
மாவுச் சாக்கை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தான்.
காற்று நிறையும்போது மட்டும்
தலைகீழாகப் படிக்க முடிந்தது:
நிகர எடை ஐம்பது கிலோ.

வடக்கே, கொரோங்கோசாக் காட்டில்
வனக்காவலர் தொமாஸியா இன்ஜினை அணைத்தார்.
மஞ்சள் பட்டை மரங்களுக்கு நடுவில்
பதினொரு யானைகள். பெண்களும் குட்டிகளும்.
"என்ன குறைகிறது, சொல்லுங்கள்."
காது இருந்தது. வால் இருந்தது.
ஒன்றும் குறையவில்லை என்றேன்.
பெண் யானைக்குத் தந்தம் இருக்கும் என்று
நான் எந்தக் காலத்தில் கண்டேன்?
எங்கள் பக்கத்து யானைகள் அப்படியில்லையே.

தொமாஸியா தாழ்ந்த குரலில் சொன்னார்:
இங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு.
பதினைந்து வருஷச் சண்டையில்
தந்தம் உள்ளவை துப்பாக்கிக்கும் சோற்றுக்கும் போயின.
இல்லாதவை மிஞ்சின.
இவை மிஞ்சியவற்றின் மகள்கள்.

முன்னால் நின்ற கிழவிக்கு
காதில் காசளவு ஓட்டை. அதன் வழியே வானம் தெரிந்தது.
வண்டியை அது பார்த்த பார்வையில்
தொமாஸியா ஒன்றும் பேசாமல்
பின்பக்கமாகவே, வெகு தூரம்,
ஓட்டிக்கொண்டு வந்தார்.
நான் குறிப்பேட்டைத் திறந்து
தேதி மட்டும் எழுதினேன்.

பெய்ராவில் மழை.
புயல் கூரையைக் கொண்டுபோன கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
காப்பிக்கடை நடந்துகொண்டிருந்தது.
என் மேசை ஆடியது.
பரிமாறிய பையன் நெலீத்தோ
ஓரத்தில் கிடந்த கையேட்டை எடுத்து
நாலாக மடித்துக் காலுக்குக் கீழே செருகினான்.
என்னைக் கேட்கவில்லை.
காப்பி தளும்பாமல் நின்றது.

மக்கூத்தி போகும் ஷப்பா வண்டியில்
கடைசி வரிசைக்கு முந்தியதில், கதவிலிருந்து ஏழு ஆள் தள்ளி,
ஒரு கோழிக்கும் ஒரு பள்ளிக்கூடப் பைக்கும் இடையில் நான்.
இருபது மெட்டிகல் நோட்டை
முன்னால் இருந்த தோளிடம் கொடுத்தேன்.
சிமென்ட் படிந்த கை, மோதிரக் கை,
குழந்தையைப் பிடித்திருந்த கையின் இரண்டு விரல்,
அப்புறம் எனக்குத் தெரியவில்லை.
அதே வழியில் மீதி ஐந்து வந்தது,
சூடாக, மீன் வாடையோடு.

அதை மூடிப் பிடிப்பதற்குள்
பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள்.
நனைந்த நோட்டு ஒன்று.
திரும்பிப் பார்க்காமல் வாங்கி
முன்னால் நீட்டினேன்.