மார்ச் இருபத்தொன்று, மணி மூன்று

ட்ரொண்ட்ஹைம் பள்ளிக்கூட ஜிம்மில்
குழந்தைகள் நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம்.
ஐந்து மாடி, முப்பத்தெட்டு வீடு,
கார் நிறுத்தப் பதினோரு இடம்.
"மிச்சக் கார் என் தலைமேலா?" என்றார் ஓட்வார்.
கைதட்டினோம்.

கட்டிடக்காரர் திரையில் நிழலை நகர்த்திக் காட்டினார்.
மார்ச் இருபத்தொன்று, மணி மூன்று:
என் சமையலறை மேஜையில் வந்து ஏறியது.
குளிர்காலம் முழுக்க
காப்பிக் கோப்பையோடு நான் காத்துக்கிடக்கும் வெயில் அது.
நாற்பத்துமூன்று கையெழுத்தோடு எழுந்தேன்.

பின்வரிசையில் ஒரு கை.
சொல்ஃப்ரிட். ராத்திரி நர்ஸ்.
நாலு வருஷமாக என் வீட்டு
நிலவறையில் வாடகைக்கு இருப்பவள்.

"மூன்றாம் மாடி ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது?"

"தெற்கு."

பக்கத்தில் பேனா இரவல் வாங்கிக்
குறித்துக்கொண்டாள்,
அவள் கதவிடுக்கில் நான் செருகிய
எதிர்ப்பு நோட்டீசின் பின்பக்கம்.