மூக்கால் அழுத்தும் பொத்தான்

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள்
பசை விறைத்து
ஒவ்வொன்றாய் உதிர்கின்றன.
"பாருங்கள், ஜன்னலே முடிவெடுக்கிறது"
என்கிறான் எர்தெம்த்.
யாரும் சிரிக்கவில்லை.
பதினேழு வசதிகள்.
கையிருப்பு ஆறு வாரச் சம்பளம்.

ஓட்டுநருக்கு நட்சத்திரம் கொடுக்க வேண்டும்
ஸோல்ஜர்கலுக்கு.
முதல் போட்டவருக்கு வாசலிலேயே
பெயர், பிறந்த தேதி, கைபேசி எண்.
எர்தெம்துக்கு
வரைபடத்தில் ஊர்ந்து வரும் குட்டிப் பேருந்துகள்.
எனக்கு என் வண்ணங்கள்:
தடத்துக்கு ஒரு நிறம்,
இருட்டினால் தானே மங்கும் நீலம்,
மூன்று மாதம் இழைத்தது.
'முக்கியம்' என்ற பத்தியில்
பதினேழும் இடித்துக்கொண்டு நின்றன,
காலை எட்டு மணிக் கூட்டம் போல.
யாரை இறக்கிவிடுவது?

நாலரைக்கு நிறுத்தத்துக்குப் போனோம்.
நிலக்கரிப் புகை பல்லில் நறநறத்தது.
மாவு மூட்டையை ஒரு கையில் அணைத்து
மறு கையில் கைபேசி பிடித்திருந்தாள் ஒருத்தி.
எங்கள் சோதனைப் பதிப்புதான்.
என் நீலம் அவள் கன்னத்தில் விழுந்ததும்
எனக்குக் கொஞ்சம் கர்வம்.
கையுறையைக் கழற்றவில்லை அவள்.
குனிந்து
மூக்கு நுனியால் அழுத்தினாள்.

பிறந்த தேதி கேட்டது.

பிறந்த தேதியை மூக்கால் எப்படி எழுதுவது?
ஸோல்ஜர்கல் என் முழங்கையைக் கிள்ளினாள்.
அவள் எழுதினாள்.
வருடத்தில் இரண்டு தரம் தப்பி
மறுபடி எழுதினாள்.
கடைசியில் திரை சொன்னது:
நான்கு நிமிடம்.

நான்கு போயிற்று.
ஏழு.
மூட்டையைக் கை மாற்றினாள்.
பதினொன்றில் வந்தது பேருந்து.
படியேறும் முன் திரையைப் பார்த்து
அவள் சொன்ன சொல்லை
இங்கே எழுத மாட்டேன்.
நியாயமான சொல்தான்.

திரும்பி வந்ததும் ஸோல்ஜர்கல்
தரையில் கிடந்ததைப் பெருக்கினாள்.
எர்தெம்த் புதுச் சீட்டு ஒன்றில்
நாங்கள் யாரும் எழுதாத பதினெட்டாவதை எழுதினான்:
'நான்கு என்றால் நான்கு.'
ஜன்னலில் ஒட்டாமல்
என் விசைப்பலகை மேல் வைத்தான்.

வண்ணங்களை அழிக்க மனம் வரவில்லை.
தனிக் கிளையில் ஏற்றிவைத்தேன்,
கோடையில் பார்க்கலாம்.
திரையில் இப்போது ஒரே ஓர் எண்,
உள்ளங்கை அகலத்துக்கு.
அது உண்மையாக ஐந்து வாரமாவது ஆகும்.

பிறந்த தேதி வேண்டாமென்று
முதல் போட்டவரிடம்
யார் போய்ச் சொல்வது?
மூவரும் தேநீரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.