ஐம்பது சதவீதம்

ஃபாரோ தீவில் எங்கள் குடாவுக்கு இரண்டு கரை.
வடகரையில் பதினொரு பையன்கள் தேறவில்லை.
தென்கரையில் ஒன்பது பேர்,
அதில் ஒருவனுக்கு முழங்கால் சரியில்லை.
இரண்டு கிளப்பும் இனி ஒன்று,
சட்டை வரைந்து கொடு மார்ஜுன் என்றார்கள்,
நூறு வருடப் பகைக்கு,
வெள்ளிக்கிழமைக்குள்.

வடகரை நீலம். 0000FF.
இங்கே கடல்கூட ஒருநாளும் அத்தனை நீலமாய் இருந்ததில்லை.
தென்கரை மஞ்சள். FFFF00.
படகுக்கு அடித்து மீந்த பெயிண்ட் என்பார்கள் அக்கரையில்.
இடத்தோளில் ஒன்று, வலத்தோளில் ஒன்று வைத்து
கிரேடியன்டை இழுத்தேன்.

மார்புக்கு நடுவே
சாம்பல்.

யாரும் ஊற்றவில்லை அதை.
இதில் பாதி விட்டுக்கொடுத்தது, அதில் பாதி.
மூன்று எண்ணும் ஒரே இடத்தில் வந்து நின்றன: 7F7F7F.
கணக்கில் ஓர் அரை மிச்சம்,
அதை மென்பொருள் விழுங்கிவிட்டது.

"எங்கள் நீலத்தைக் கொளுத்திவிட்டாயா?" என்றார் ஸ்வெய்னூர்.
ஹன்னிஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடி பார்த்தார்.
முதல்முறையாக இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்,
எனக்கு எதிரே.

சாம்பலைச் சுற்றிக்கொண்டு போகவும் வழி உண்டு.
நிறச்சக்கரத்தின் நடுவே புகாமல் விளிம்போடு நடந்தால்
நீலத்திலிருந்து மஞ்சளுக்கு வழியில் பச்சை வரும்.
இரவெல்லாம் உட்கார்ந்து அந்தப் பச்சையைக் கண்டுபிடித்தேன்,
மழை விட்டபின் கூரைமேல் முளைத்த புல்லின் பச்சை.
அழகாகத்தான் இருந்தது.
சுரங்கப்பாதைக்கு அப்பால் இருக்கும் ஊரின் நிறம் அது என்பது
கூட்டத்தில்தான் நினைவுக்கு வந்தது.
போன வருடம் வடகரைக்கு நாலு கோல், தென்கரைக்கு ஆறு.
யாரும் வாய் திறக்கவில்லை.
காப்பி ஆறியது.

கடைசியில் இரண்டு நிறுத்தங்களையும் நகர்த்தி
ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன்.
ஐம்பதில் நீலம் முடிகிறது,
ஐம்பதிலேயே மஞ்சள் தொடங்குகிறது,
இடையில் ஒரு பிக்சல் இல்லை.
இதையும் கிரேடியன்ட் என்றுதான் சேமிக்கிறது மென்பொருள்.
கைகுலுக்கிக்கொண்டார்கள்.

முதல் ஆட்டம். இருபதாவது நிமிடம்
மலையிலிருந்து மூடுபனி இறங்கி
மைதானத்தில் உட்கார்ந்துகொண்டது.
பந்து யாரிடம் என்று பந்துக்குத்தான் தெரியும்.
நடுவர் விசிலை எடுப்பதற்குள்
போனில் ஒரு படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதை
ஒரே ஒரு பிக்சலாகச் சுருக்கிப் பார்த்தேன்.
8A8C91.
சாம்பல்தான்.
ஆனால் ஊசிமுனை அளவு
நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.
நான் தென்கரைக்காரி.